வைத்தியர் கிறீன் அவர்களும் நாம் செலுத்த வேண்டிய நன்றியும்

செய்ந்நன்றியறிதலைத் தமிழர் தலையாய அறங்களுள் ஒன்றாகப் போற்றி வந்திருக்கின்றனர். வள்ளுவப் பெருந்தகை அதற்கெனத் தனியோர் அதிகாரமே வகுத்துள்ளார். நம் வீடுகளிலே நோயாய்க் கிடந்த ஒருவர் எழுந்து நடமாடத் தொடங்கினால், முதலிற் செய்வது கோயிலுக்குச் சென்று நேர்த்திக்கடன் தீர்த்தலேயாம். செல்வச் சந்நிதி முருகனுக்குக் காவடி எடுப்பவர் உளர்; பிள்ளையாருக்கு மோதகம் படைப்பவர் உளர்; அம்மன் வாசலிலே பொங்குபவர் உளர். இது நல்ல வழக்கம். நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற செல்வம். ஆயின், அந்நோயாளியின் அருகே கண்விழித்திருந்த வைத்தியரையும், தாதியையும், அவர்களுக்கு அக்கலையைக் கற்பித்தோரையும் நாம் எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கின்றோம்? இறைவனுக்கு நன்றி கூறிவிட்டோம் என்ற நிறைவிலே மனிதருடைய உழைப்பை மறந்துவிடுதல் நம்மிடையே இல்லாத குற்றமன்று.

இவ்வினாவை மனத்திற் கொண்டே, யாழ்ப்பாணத்து மக்களுக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் சரித்திரத்தை இம்மலரிலே சுருக்கமாக எழுதத் துணிந்தேன். சைவ இளைஞர் மலரிலே கிறிஸ்தவ மிஷனரி ஒருவரின் சரித்திரம் எதற்கு என்று பெரியோர் சிலர் நினைத்தல் கூடும். வீட்டிலே திருநீறணிந்து, மிஷன் பாடசாலையிலே எழுத்தறிந்தவன் யான். என்னைப் போன்றோர் இக்குடாநாட்டிலே ஊர்தோறும் உளர். ஆதலின் இவ்வினா எங்களுக்கு ஏட்டு வினாவன்று. சரித்திரத்தை முதலிற் கூறி, விடையை இறுதியிலே ஆராய்வோம்.

பிறப்பும் கல்வியும்

கிறீன் அவர்கள் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆந் திகதி அமெரிக்காவிலே மசசூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த வூஸ்ரர் என்னும் ஊரிலே பிறந்தார்கள். நம் நாவலர் பெருமான் நல்லூரிலே அவதரித்ததும் அதே ஆண்டு டிசம்பர் மாதத்திலேயாம். கிறீனுடைய தந்தையார் ஒரு வழக்கறிஞர். அவருக்குப் பிறந்த பிள்ளைகள் பதினொருவருள் இவர் எட்டாமவர். இவருடைய தமையனார் அன்றூ கிறீன் என்பவர் நியூயோர்க் மாநகரத்தின் வரலாற்றிலே பெரும் புகழ் பெற்றவர். அந்நகரத்து மத்திய பூங்கா உருவாவதற்கும், அயற் பகுதிகள் எல்லாம் 1898இல் ஒரே மாநகரமாக இணைவதற்கும் முன்னின்று உழைத்தவர் அவரே. தம்பியாரோ நியூயோர்க்கிலே வைத்தியக் கல்வி கற்று 1845இல் பட்டம் பெற்றார். செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பத்திலே பிறந்த அவர் அந்நகரத்திலேயே வைத்தியத் தொழில் நடத்திச் சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அமெரிக்க மிஷனிலே சேர்ந்து, 1847இல் கப்பலேறி, பல மாதங் கடலிலே பயணஞ் செய்து, அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. இம்மலரை வாசிக்கும் எம் போன்ற இளைஞரின் வயதேயாம்.

அக்காலத்து யாழ்ப்பாணம்

அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டிலேயே இங்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தம் பணியைத் தொடங்கியிருந்தனர். வைத்தியத் துறையிலே கிறீனுக்கு முன்னோடிகளாக ஸ்கடர், உவோட் என்னும் இருவர் இருந்தனர். நம் நாட்டிலும் வைத்தியம் இல்லாமற் போகவில்லை. ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தெழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களும், அவற்றின் வழிவந்த பரியாரிமாரும் மக்களுக்கு உறுதுணையாயிருந்தனர். ஆயினும் இரண சிகிச்சை, பிரசவக் கோளாறுகள், வாந்திபேதி போன்ற கொள்ளைநோய்கள் ஆகியவற்றின் முன்னே பலர் மாண்டனர். வாந்திபேதி வந்தால் ஊரே கலங்கும். அந்நோய்க்குக் காரணமான கிருமி இன்னதென்று அக்காலத்து மேலைநாட்டு அறிஞருக்குங்கூடத் தெரியாது. ஜேர்மனிய அறிஞர் கொக் அதனைத் தெளிவுபடுத்தியது கிறீன் அவர்கள் மறைந்த காலத்தையடுத்தேயாம். எனவே, இன்றுள்ள மருந்துகளும் கருவிகளும் இன்றியே அவர் போராட வேண்டியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

மானிப்பாயும் மாணாக்கரும்

முதலிலே வட்டுக்கோட்டையிலே தங்கிய கிறீன் அவர்கள் 1848இல் மானிப்பாய்க்கு மாறினார்கள். மருதடி விநாயகர் எழுந்தருளியிருக்கும் அவ்வூரே அவருடைய வாழ்க்கைப் பணிக்கு நிலைக்களமாயிற்று. வருகின்ற நோயாளரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தாம் ஒருவர் எத்தனை பேரைத் தான் காப்பாற்றலாம் என்று அவர் எண்ணினார். இந்நாட்டுப் பிள்ளைகளையே வைத்தியராக்க வேண்டும் என்று துணிந்து, அவ்வாண்டிலேயே மாணாக்கர் சிலரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பிலே அரசினர் வைத்தியக் கல்லூரி தோன்றியது 1870இலேயாம். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே மானிப்பாய்க் கிராமத்திலே மேலை வைத்தியம் முறையாகக் கற்பிக்கப்பட்டது என்பது யாழ்ப்பாணத்தார் பெருமைப்படத்தக்க செய்தி.

தொடக்கத்திலே வட்டுக்கோட்டைச் செமினரியிலே ஆங்கிலங் கற்றவர்களே மாணாக்கராய் வந்தனர். பாடமும் ஆங்கிலத்திலேயே நடந்தது. அச்செமினரி 1855இல் மூடப்பட்டது. உடல்நலங் குன்றிய கிறீன் அவர்கள் 1857இல் தாயகஞ் சென்றார்கள். 1862இல் மார்கரெட் என்னும் அம்மையாரை மணந்து, அவ்வாண்டிலேயே துணைவியாருடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார்கள். ஒருமுறை நோயுற்றுத் திரும்பியவர் மறுமுறையும் அதே வெயிலுக்கும் அதே நோய்களுக்கும் நடுவே வந்து நின்றார் என்பதை எண்ணும்போது அவருடைய உறுதி நமக்கு விளங்கும்.

இரண்டாம் முறை வந்தபின் அவர் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தார். ஆங்கிலங் கற்றுத் தேறிய வைத்தியர்கள் கிராமங்களை விட்டு அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்வதை அவர் கண்டிருந்தார். ஊரிலே பிறந்து, ஊரார் மொழியிலே கற்று, ஊராரோடு வாழும் வைத்தியரே மக்களுக்குப் பயன்படுவர் என்று தெளிந்தார். ஆதலின் 1864 முதல் வைத்தியக் கல்வியைத் தமிழிலேயே நடத்த முற்பட்டார். மாணாக்கர் உடையிலும் உணவிலும் நடையிலும் தமிழராகவே இருத்தல் வேண்டுமென்று விரும்பினார். மேலைநாட்டு நாகரிகம் மேலானதென்று பலரும் மயங்கிக் கிடந்த காலத்திலே, அந்நாட்டிலிருந்தே வந்த ஒருவர் இவ்வாறு எண்ணியது வியப்பேயாம். அவரிடம் கற்று வெளியேறிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருள் ஏறக்குறைய அரைவாசிப் பேர் தமிழிலேயே கற்றவர்கள்.

தமிழ் வைத்திய நூல்கள்

தமிழிலே கற்பிப்பதென்றால் தமிழிலே நூல்கள் வேண்டும். மேலை வைத்திய நூல்கள் தமிழிலே இல்லை. அவற்றை எழுதுவதற்கு வேண்டிய சொற்களும் ஆயத்தமாயில்லை. கிறீன் அவர்கள் தமிழை நன்கு கற்று, மாணாக்கர் துணையுடன் அவ்வேலையை மேற்கொண்டார்கள். முதன்முதலாக அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் 1857இல் வெளிவந்தது. உடலின் அமைப்பும், உறுப்புகளின் தொழிலும், சுகத்தைக் காக்கும் வழியும் அதிற் கூறப்பட்டன. அவ்வாண்டிலேயே பிரசவ வைத்தியமும் வந்தது. பின்னர் இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும், இந்து பதார்த்தசாரம் 1884இலும் வெளியாயின. இவை பெரும்பாலும் அக்காலத்து ஆங்கில நாட்டிலும் அமெரிக்காவிலும் வைத்திய மாணாக்கர் கற்ற பாடநூல்கள். பெருநகரத்து மாணாக்கர் ஆங்கிலத்திலே கற்ற அதே நூலை மானிப்பாய் மாணாக்கர் தமிழிலே கற்றனர். இவ்வாறு தமிழாக்கப்பட்ட பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டன என்பர்.

கலைச்சொல் அமைப்பதிலே அவர் கையாண்ட முறையும் அறியத்தக்கது. ஒரு பொருளுக்குத் தமிழ் வாகட நூல்களிலோ வழக்கிலோ சொல் உண்டாயின் அதனையே எடுத்தார். இல்லையாயின் வடமொழியை நாடினார். அங்குங் கிடையாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கேற்ப மாற்றிக்கொண்டார். கெமிஸ்தம் என்பது அவ்வாறு அமைந்த சொல். அங்காதிபாதம் என்னும் பெயரோ, கேசாதிபாதம் முதலிய பிரபந்தப் பெயர்களை நினைவூட்டித் தமிழரின் செவிக்கு இனிதாய் நிற்கின்றது. இச்சொற்கள் பல இன்று வழக்கொழிந்தன. அதனால் அம்முயற்சி வீண் என்று கூறலாகாது. பிற்காலத்திலே கலைச்சொல் ஆக்கியோர் யாவரும் நடந்து சென்ற பாதையிலே முதல் முள்ளை அகற்றியவர் அவரே. இக்காலத்தில் நம் பல்கலைக்கழகங்களிலே வைத்தியம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றது. அக்கல்வி தமிழிலும் நடைபெறக் கூடியதே என்பதற்கு மானிப்பாய் சாட்சியாக நிற்கின்றது.

இம்முயற்சியிலே மற்றொரு சாராரையும் நாம் மறத்தலாகாது. டான்வர்த், சாப்மன் முதலிய தமிழ் மாணாக்கர் மொழிபெயர்ப்பிலே ஆசிரியருக்கு வலக்கையாய் உழைத்தனர். மிஷன் மாணாக்கருக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயரை இடும் வழக்கம் அக்காலத்திலே இருந்தது. அதனாலே பெயரைக் கேட்போர் அவர்களை அந்நியர் என்று எண்ணிவிடுவர், அவர்கள் நம்மவரே. எழுத்துக் கோத்த அச்சுத் தொழிலாளர், பிரதி எழுதியோர், நோயாளருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தோர் ஆகியோரின் பெயர்கள் நமக்கு எட்டவில்லை. ஒருவருடைய புகழின் அடியிலே இத்தனை பேருடைய வியர்வை இருக்கின்றது.

1866, 1867ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்திலே வாந்திபேதி கொடுமையாகப் பரவிப் பல்லாயிரவரைப் பாதித்தபோது, கிறீன் அவர்களிடம் கற்ற வைத்தியர்கள் ஊர்களிலே சேவை செய்தார்கள். ஓர் ஆசானின் உழைப்புப் பல கைகளாய்ப் பெருகியமைக்கு இதுவே தக்க சான்று.

இறுதிக் காலம்

உடல் மீண்டும் நலிந்தமையால் 1873இல் கிறீன் அவர்கள் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றார்கள். சென்றவர் ஓய்ந்திருக்கவில்லை. மனுஷ சுகரணமும் இந்து பதார்த்தசாரமும் அவர் ஊர் திரும்பிப் பத்தாண்டுகளின் பின்னர் வெளிவந்தவை என்பதைக் கவனிக்க. பனி பெய்யும் வூஸ்ரர் ஊரிலே, தமிழ் பேசுவார் ஒருவருமில்லாத சூழலிலே இருந்துகொண்டு, கடலுக்கப்பாலுள்ள மாணாக்கருக்காக அவர் தமிழ்ப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி அவர் உயிர் பிரிந்தது. தமிழருக்கு வைத்தியப் பணி செய்த சுவிசேடகர் என்பதை அவருடைய கல்லறையிலே பொறித்திருக்கின்றனர். தாம் பிறந்த நாட்டிலே புதைக்கப்பட்ட ஒருவரின் கல்லிலே தமிழரின் பெயர் நிற்கின்றது. மானிப்பாயிலுள்ள வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கியது. 1967இல் கவிஞர் அம்பி அவர்கள் கிறீனின் அடிச்சுவடு என்னும் நூலை எழுதி அவர் பணியைத் தமிழருக்கு மீண்டும் நினைவூட்டினார்கள்.

நன்றி யாருக்கு?

இனி, தொடக்கத்திலே எழுந்த வினாவுக்கு வருவோம். உண்மையை மறைத்தல் கூடாது. கிறீன் அவர்கள் கிறிஸ்து சமயத்தைப் பரப்பும் நோக்கத்துடனேயே இங்கு வந்தார். மருந்தோடு உபதேசமுஞ் செய்தார். நம் சமயத்தை உண்மைச் சமயமென்று அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. நம்மவர் மதம் மாற வேண்டுமென்றே விரும்பினார். அவரிடம் மருந்து பெற்ற சைவர்களோ பெரும்பாலும் சைவராகவே வாழ்ந்தனர். இந்நிலையிலே அவருக்கு நாம் நன்றி பாராட்டுதல் தகுமா? அவருடைய உழைப்பைப் போற்றினால் அவருடைய சமய நோக்கத்தையும் ஒப்புக்கொண்டவர் ஆவோமா?

ஆகோம் என்பதற்கு நாவலர் பெருமானின் வாழ்க்கையே போதிய விடை. அவர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்றவர், அங்கேயே ஆசிரியராயிருந்தவர், பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் தம் தமிழறிவை மனமுவந்து உதவியவர். பின்னர் 1848இல், கிறீன் அவர்கள் மானிப்பாயிலே பணி தொடங்கிய அதே ஆண்டிலே, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவரும் அவரே. மிஷனாரின் சமயக் கொள்கைகளை அவர் வன்மையாகக் கண்டித்தார். ஆயினும் பாடசாலை நடத்தும் முறையும், அச்சியந்திரத்தின் பயனும், பிரசங்கஞ் செய்யும் முறையும் நல்லவையென்று கண்டு அவற்றை ஏற்றுச் சைவத்துக்கும் தமிழுக்கும் பயன்படுத்தினார். கொள்ள வேண்டியதைக் கொண்டு தள்ள வேண்டியதைத் தள்ளுந் திண்மை அவரிடம் இருந்தது. தம் நம்பிக்கையிலே ஐயமுள்ளவனே பிறருடைய நன்மையை ஒப்புக்கொள்ள அஞ்சுவான். உறுதியுள்ளவனுக்கு அவ்வச்சம் இல்லை. 1877இல் பஞ்சம் வந்தபோது அதே நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோர்க்கு உணவளித்தார். மானிப்பாயிலே மருந்தும் வண்ணார்பண்ணையிலே கஞ்சியும் பெற்றோர் ஒரே மக்களேயாவர்.

இன்னொரு சாரார், நோய் தீர்ப்பவன் இறைவனே. ஆதலின் நன்றி முழுவதும் அவனுக்கே உரியது. வைத்தியர் வெறுங் கருவி என்பர். இறைவன் வைத்தியநாதன் என்பதை நாம் மறுக்கவில்லை. கிறீன் அவர்களும் குணப்படுத்துபவர் கடவுளே என்று தம் சமய நெறியில் நின்று நம்பியவரே. ஆனால் நம் சித்தாந்தம் ஒரு காரியத்துக்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்றைக் கூறுகின்றது. குடத்துக்குக் குயவன் நிமித்தகாரணம் என்பதாலே மண்ணும் தண்டசக்கரமும் இல்லையென்று ஒருவருஞ் சொல்லார். அவ்வாறாக, இறைவனருளைப் போற்றுபவன் அவ்வருள் வந்த வழியையும் போற்றக் கடமைப்பட்டவன். திருநாவுக்கரசு சுவாமிகளுக்குச் சூலைநோய் தீர்த்தவர் திருவதிகைப் பெருமானே. ஆயினும் சேக்கிழார் பெருமான் அங்கே திலகவதியம்மையாரை மறந்தாரா? தம்பியை ஏற்றுத் திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்ற தமக்கையாரின் அன்பையும் தவத்தையும் உலகம் உள்ளளவும் நிலைக்கும்படி பாடிவைத்தார். அருளும் அன்பருடைய உழைப்பும் ஒன்றையொன்று மறைப்பவையல்ல என்பதற்கு இதனினும் மேலான சான்று வேண்டுமோ?

மூன்றாவதாக, எல்லாம் மனித முயற்சியே. கடவுளுக்கு இதில் என்ன வேலை என்போரும் இக்காலத்திலே மாணாக்கரிடையே உளர். அவர்கள் கிறீன் அவர்களின் வாழ்க்கையை ஊன்றி நோக்குதல் நன்று. தமையனார் பெருநகரத்திலே புகழ் பெற, இவர் எளிய கிராமமொன்றிலே ஏறக்குறைய இருபதாண்டுகளைச் செலவிடும்படி தூண்டியது எது? நோயுற்றுச் சென்றவரை மீண்டும் அழைத்து வந்தது எது? அவருடைய இறைநம்பிக்கையே என்பதை அவருடைய பகைவரும் மறுக்க முடியாது. நம்பிக்கை வேராகவும் உழைப்பு மரமாகவும் நின்றன. கனியை உண்டவர்கள் நாம். கனியை உண்டு வேரைப் பழித்தலும், வேரைப் புகழ்ந்து மரத்தை மறத்தலும் ஒரே அளவான குற்றங்களே.

இளைஞர்காள்! நன்றி என்பது வாயினாற் கூறி முடிப்பதன்று. நம் ஊர் வைத்தியசாலையிலே இரவிலே விழித்திருக்கும் தாதியை மரியாதையோடு விளித்தலும் நன்றியே. காப்புக் கட்டி விரதமிருக்கும் அதே சிரத்தையுடன் இரத்ததானஞ் செய்தலும் நன்றியே. தமிழிலே அறிவியல் நூல் எழுதுவோரை ஏளனஞ் செய்யாது, அந்நூலை வாங்கிப் படித்தலும் நன்றியே. பெரியோர்காள்! நோயிலிருந்து எழுந்த பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியிலே அப்பிள்ளையைக் காப்பாற்றிய வைத்தியரின் வாசலிலும் சற்று நின்று ஒரு சொற் கூறச் செய்யுங்கள். அவர் எச்சமயத்தவர் என்று கேட்க வேண்டுவதில்லை. எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்து நம் மொழியைக் கற்று நமக்கு மருந்தும் நூலுந் தந்த ஒருவரைப் போற்றுவதாலே நம் சைவம் குறைந்துவிடாது. நன்றி மறவாத நெஞ்சிலே அது மேலும் ஒளி பெற்று விளங்கும்.

மேன்மைகொள் சைவ மரபிலே வந்த நாம், உழைத்தோர் எவராயினும் அவரை உளமார நினைந்து வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவாராக.